பெட்டி அச்சடிக்கும் முன் பெயரைத் தேடிப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி அலுவலகத்துக்கு வந்து மேசை மேல் ஒரு அட்டைப் பெட்டியை வைத்தார். அரக்குச் சிவப்பு, மேலே பொன்னிற எழுத்தில் கடைப் பெயர், உள்ளே பஞ்சின் மேல் ஒரு ஜோடி சுடுமண் ஜிமிக்கி. அவரே மண் பிசைந்து, சுட்டு, வர்ணம் தீட்டியது. அப்படிப்பட்ட பெட்டிகள் இரண்டாயிரம் சிவகாசியில் அடித்து வாங்கியிருக்கிறார். பெட்டி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேறு மாநிலத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ். இந்தப் பெயர் எங்கள் கட்சிக்காரர் பதிவு செய்த வணிகக் குறி (டிரேட்மார்க்), உடனே நிறுத்துங்கள், இந்தப் பெயர் போட்ட பெட்டி, அட்டை எல்லாவற்றையும் ஒப்படையுங்கள் என்று. "யாரையும் பார்த்து வைக்கலை மேடம், நானே யோசிச்சு வெச்ச பேரு" என்றார். நான் அதை முழுக்க நம்புகிறேன். ஆனால் ஒரே தொழிலில் இரண்டு பெயர்கள் வாங்குகிறவரைக் குழப்புமா என்பதுதான் சட்டத்தின் முதல் கேள்வி. நல்ல மனதோடு வைத்த பெயர் என்பது அதற்குப் பதில் ஆகாது.

நான் சென்னையில் வணிகக் குறி வழக்கறிஞராக இருக்கிறேன். வீட்டிலிருந்து பட்டுநூல் வளையல், சுடுமண் நகை, மணிமாலை செய்து விற்கிற பெண்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள், பெரும்பாலும் பிரச்சினை வந்த பிறகு. அதனால்தான் இதை எழுதுகிறேன். (மேலே சொன்னவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பெயரைப் பதிவு செய்தீர்களா என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் "செஞ்சாச்சு" என்றுதான் சொல்வார்கள். பார்த்தால் கையில் இருப்பது உத்யம் சான்றிதழ், அல்லது ஜிஎஸ்டி சான்றிதழ், அல்லது அந்தப் பெயரில் வாங்கிய இணைய முகவரி. உத்யம் சான்றிதழ் நீங்கள் ஒரு சிறு தொழில்முனைவோர் என்று சொல்கிறது, ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கானது, இன்ஸ்டாகிராமில் அந்தப் பெயர் கிடைத்தது என்றால் அங்கே வேறு யாரும் அதை எடுக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். பெயர் உங்களுடையது என்று இவற்றில் எதுவுமே சொல்லவில்லை. அதைச் சொல்வது 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் கீழ் செய்கிற பதிவு. நமக்கு அதன் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, ஆனால் விண்ணப்பம் இணையத்திலேயே போடலாம்.

பெயர் மனதில் வந்த அன்றே செய்ய வேண்டியது தேடல். வணிகக் குறி அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அங்கே பொருள்களையும் சேவைகளையும் 'கிளாஸ்' என்ற எண்ணிட்ட வகைகளாகப் பிரித்திருப்பார்கள். நகைக்கு கிளாஸ் 14, கவரிங், ஃபேன்சி நகைகளும் அதில்தான் வரும். தலைமுடி கிளிப், ஸ்க்ரஞ்சி மாதிரியானவை செய்தால் கிளாஸ் 26-ஐயும், மற்றவர்கள் செய்ததை வாங்கி விற்கிற கடையாகவும் இருந்தால் 35-ஐயும் பாருங்கள். தமிழ்ப் பெயர் வைக்கிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் அடிக்கடி ஏமாந்துபோகிறார்கள். ழகரத்தை ஒருவர் ஆங்கிலத்தில் இசட்-ஹெச் போட்டு எழுதுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். சகரத்துக்கு ஒருவர் எஸ், ஒருவர் சி-ஹெச். நீங்கள் ஒரு எழுத்துக்கூட்டலில் தேடி "யாருமில்லை" என்று நிம்மதியாகிவிடுகிறீர்கள், அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் ஐந்து வருடமாகப் பதிவில் இருக்கும். அதிகாரியும் நீதிமன்றமும் காதில் எப்படி விழுகிறது என்பதையும் பார்ப்பார்கள். ஆகவே எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதத்திலும் தேடுங்கள், ஒலி ஒற்றுமையை வைத்துத் தேடுகிற ஃபோனெடிக் வசதியையும் பயன்படுத்துங்கள். அரை நாள் ஆகும், ஆகட்டும்.

அடுத்தது எந்தப் பெயர் நிற்கும் என்பது. விற்கிற பொருளையே பெயராக வைக்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு. கொலுசு, ஜிமிக்கி, டெரகோட்டா கிரியேஷன்ஸ், கைவண்ணம் என்று வைத்தால் வாடிக்கையாளருக்கு உடனே புரியும்தான். ஆனால் பொருளை விவரிக்கிற சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது என்று சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் காட்டி மறுப்பு வரும். தமிழ் எழுத்தில் போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். சாமி பெயரும் அப்படித்தான். வைக்கலாம், ஆனால் பக்கத்துத் தெருக்காரரும் அதையே வைத்தால் தடுப்பது கடினம். ராமாயணம் என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை அப்படி ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும், நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு (ஒரு பொருள் இந்த ஊருக்கே உரியது என்கிற பதிவு) இருப்பதால் வெளியில் செய்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது.

நான் கேட்பவர்களிடம் சொல்வது, நகைக்குச் சம்பந்தமே இல்லாத, ஆனால் உங்களுக்கு நெருக்கமான ஒரு சொல்லை எடுங்கள் என்பது. தூக்கணாங்குருவி என்று காதணிக் கடைக்குப் பெயர் வைத்தால் அது காதணியை விவரிக்கவில்லை, ஆனால் பறவை கூடு பின்னுவதும் நீங்கள் கம்பி பின்னுவதும் கேட்பவர் மனதில் சேர்ந்துகொள்ளும். (இதுவும் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கலாம், தேடாமல் எடுக்காதீர்கள்.)

சரி, பதிவே செய்யாமல் பல வருடம் நடத்துகிறவர்கள்? அவர்களுக்கும் உரிமை உண்டு, நிரூபிக்க முடிந்தால். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு தெரிந்திருக்கும். அந்தப் பெயரை முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்து இன்னொருவர் பயன்படுத்தியதால் வந்த வழக்கு அது, உச்ச நீதிமன்றம் வரை போனது. முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவு செய்தவரின் உரிமையைவிடப் பெரியது என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தக் கடைக்குத் தலைமுறைகளின் பேர் இருக்கிறது, ஊரே சாட்சி. வீட்டில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிற உங்களுக்குச் சாட்சி காகிதம்தான். முதல் பில், முதல் கூரியர் ரசீது, தேதியோடு முதல் பதிவின் ஸ்கிரீன்ஷாட், கண்காட்சியில் ஸ்டால் போட்ட ரசீது, எல்லாவற்றிலும் கடைப் பெயர் தெரிய வேண்டும். ஜிபேயில் பணம் வந்தது என்பது மட்டும் போதாது, அதில் உங்கள் பெயர் இருக்கும், கடையின் பெயர் இருக்காது. இருநூறு ரூபாய் கம்மலுக்கும் பில் போடுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையம் வழியாக ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய், பதிவானால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பணத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, யார் பெயரில் விண்ணப்பம் என்பது. வேலை முழுக்க மனைவி செய்கிறார், விண்ணப்பம் கணவர் பெயரில் போகிறது. அல்லது இரண்டு தோழிகள் சேர்ந்து தொடங்கி, கம்ப்யூட்டர் தெரிந்தவர் பெயரில் போகிறது. சேர்ந்திருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. பிரிகிற அன்றுதான் பெயர் தன்னுடையது இல்லை என்று ஒருவருக்குத் தெரியவருகிறது, அந்த அழுகையை நான் இதே அறையில் பார்த்திருக்கிறேன். இருவர் என்றால் கூட்டாண்மைப் பத்திரத்தில் பெயரைப் பற்றி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, விண்ணப்பத்தில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்பது. மலிவாகச் செய்து தருகிறோம் என்கிற சிலர் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்கள். அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்துத் தன் கேள்விகளை எழுதுகிற பரிசோதனை அறிக்கை அங்கே போகும், ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். விண்ணப்ப எண்ணை வாங்கி மாதம் ஒரு முறை நீங்களே நிலையைப் பாருங்கள். 'ஆப்ஜெக்டட்' என்றிருந்தால் பயப்படாதீர்கள், அதிகாரி கேள்வி கேட்கிறார், அவ்வளவுதான். 'ஆப்போஸ்டு' என்றால் வேறு ஒருவர் எதிர்க்கிறார், அப்போது வக்கீல் வேண்டும். அலுவலகத்தின் வணிகக் குறி இதழில் உங்கள் விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் அப்படி எதிர்க்க இடம் உண்டு. பதிவு முடியும்வரை பெயர் பக்கத்தில் டிஎம் போடலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது.

டிசைனைப் பற்றியும் கேட்பார்கள். புதிய வடிவத்தை 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யலாம், ஆனால் விண்ணப்பத்துக்கு முன்னால் அதன் படத்தை வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விட்டது என்றே கணக்கு. எல்லா ஜிமிக்கிக்கும் இது தேவையில்லை. உங்களுக்கே உரிய ஒன்று இருந்தால் மட்டும் படம் போடும் முன் யோசியுங்கள்.

அந்தச் சகோதரி விஷயத்துக்கு வருகிறேன். எதிர்த் தரப்பு அவருக்கு மூன்று வருடம் முன்பே விற்கத் தொடங்கியிருந்தது, பில்களும் சரியாக இருந்தன, அதனால் சண்டை போட வேண்டாம் என்றேன். பெயரை மாற்ற மூன்று மாத அவகாசம் கேட்டு எழுதினோம், ஒப்புக்கொண்டார்கள். புதுப் பெயருக்கு ஏழு எழுத்துக்கூட்டலில் தேடினோம், அவர் பெயரிலேயே, அவர் மின்னஞ்சலிலேயே விண்ணப்பம் போட்டோம். பழைய பக்கத்தை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றியதால் பின்தொடர்ந்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகக் குரல் செய்தி அனுப்பிச் சொன்னாராம். விண்ணப்ப எண் வந்த பிறகு அதே அரக்குச் சிவப்பில் இருநூறு பெட்டி மட்டும் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.