வெள்ளணு கூடவில்லை என்பதற்காகக் கிருமி இல்லை என்று ஆகிவிடாது

"வெள்ளணு கூடவில்லையே டாக்டர், அப்படியென்றால் ரத்தத்தில் கிருமி இல்லைதானே?" நாள்பட்ட காய்ச்சலோடு வருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இந்த வாரமும் ஒருவர் வந்தார். மாடு வளர்ப்பவர். மாலையானால் காய்ச்சல், விடிவதற்குள் படுக்கை நனையும் வியர்வை, குனிய விடாத இடுப்பு வலி. ரிப்போர்ட்டில் வெள்ளணு 3,800, சற்றுக் குறைவுதான். டைபாய்டு என்று ஒரு கோர்ஸ் மாத்திரை, வைரஸ் என்று ஒரு வாரம் ஓய்வு, இரண்டும் முடிந்திருந்தன. மாடு கன்று வீசியதா, அதாவது குறைமாதத்தில் கரு கலைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இப்படிப்பட்டவர்களிடம் சந்தேகிக்க வேண்டிய ஒன்று புரூசெல்லோசிஸ்: ஆடு மாடுகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும், புரூசெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் நோய். இதில் வெள்ளணு பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும், சிலருக்குக் குறையும். பாக்டீரியா என்றாலே எண்ணிக்கை எகிற வேண்டும் என்பது எல்லாக் கிருமிக்கும் பொருந்தாது. இது கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று உள்ளே போய்ப் பதுங்குகிற கிருமி. வெள்ளணுவில் ஒரு வகையான லிம்போசைட்டின் சதவீதம் கூடலாம். அதைப் பார்த்ததும் வைரஸ் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் இறங்கலாம், பிளேட்லெட்டும் குறையலாம். கல்லீரல் என்சைம்கள் லேசாக ஏறியிருக்கலாம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி பெரிதாக ஏறாமலும் போகலாம். இவற்றில் எதை வைத்தும் இந்த நோய்தான் என்றோ, இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது.

அதற்கென்று தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன: ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ரோஸ் பெங்கால், டியூப் அக்ளூட்டினேஷன், ரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர். கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பதை ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: புரூசெல்லா சந்தேகம் என்று லேபுக்குப் போகும் சீட்டிலேயே எழுதி அனுப்புங்கள். மெதுவாக வளரும் கிருமி, பாட்டிலைச் சீக்கிரம் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அதோடு, கிருமி வளர்ந்த தட்டைத் திறக்கும் லேப் டெக்னீஷியனுக்கே மூச்சுவழி தொற்றிக்கொள்ளலாம்.

பச்சைப் பால் வேண்டாம். காய்ச்சாத பாலில் செய்த வெண்ணெய், சீஸும் வேண்டாம். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள். கையுறை, முகக்கவசம் இரண்டும் வேண்டும். கால்நடை மருத்துவரைக் கேட்டு, பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். காய்ச்சல் என்று போனால் ஆடு மாடு வளர்ப்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம், மாத்திரை. பொதுவாக டாக்ஸிசைக்ளின் ஆறு வாரம், கூடவே இன்னொரு மருந்து. முதல் வாரத்திலேயே காய்ச்சல் விட்டுவிடும், உடம்பு தேறிவிட்டது என்று தோன்றும். தயவுசெய்து அப்போது நிறுத்திவிடாதீர்கள். பாதியில் விட்டவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் திரும்பி வருகிறது, சிலருக்கு முதுகெலும்பிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.