கேஷ்: பதுக்கலா, தற்காலிகச் சேமிப்பா?

ஆண்ட்ராய்டு கைபேசியில் ஏதாவது ஒரு செயலியின் சேமிப்பகப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பொத்தான்கள் அருகருகே நிற்கும். ஒன்று அந்தச் செயலியின் கேஷை (cache), அதாவது மறுபடி விரைவாக எடுக்க அது தன்னிடம் வைத்திருக்கும் நகல்களை, மட்டும் அழிக்கும். மற்றது செயலி வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழிக்கும். தமிழ் இடைமுகம் உள்ள பல கைபேசிகளில் முதலாவது 'தற்காலிகச் சேமிப்பு'. இரண்டாவதிலும் சேமிப்பு என்ற சொல்லே தலைகாட்டுகிறது. அவசரத்தில் விரல் மாறிப் பட்டால், உள்நுழைவு, வரைவுகள், இறக்கி வைத்த வரைபடங்கள் எல்லாம் போகும். ஒரு கலைச்சொல் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேண்டியதில்லை.

முதலில் உச்சரிப்பு. கேச், கேட்சே, கேச்சி என்று பலவாறு எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கடைசி உயிரெழுத்து ஒலிக்காது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷும் இதுவும் காதுக்கு ஒன்றுதான். தமிழிலோ கேஷ் என்றாலே கல்லாப் பெட்டிதான் நினைவுக்கு வரும். ஆகவே ஒலிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்வது நமக்கு உதவாது.

சொல்லின் பிறப்பிடம் பிரெஞ்சு. 'மறைத்து வை' என்று பொருள்படும் கஷே என்ற வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் தோலுக்காக விலங்கு பிடித்துத் திரிந்த பிரெஞ்சு மொழியினர், சுமக்க முடியாத உணவையும் பொருளையும் மண்ணில் குழிதோண்டி ஒளித்துவைப்பார்கள். திரும்பி வரும் வழியில் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழிக்குப் பெயர் கேஷ். 1805ஆம் ஆண்டு மிசௌரி ஆற்றோரமாக மேற்கே சென்ற அமெரிக்க நாடாய்வாளர்கள் லூயிஸ், கிளார்க் குழுவினரும் இதையே செய்தார்கள். மேட்டு நிலமாகப் பார்த்து, சுமார் 20 அங்குல விட்டத்தில் புல்தரையை வட்டமாகப் பெயர்த்தெடுத்து, வாய் குறுகி வயிறு அகன்ற குழியாகத் தோண்டி, பொருளை இறக்கி, பெயர்த்த புல்லை மறுபடி பொருத்திவிடுவார்கள். தோண்டிய மண்ணைக்கூட அங்கே விட்டுவைப்பதில்லை. மறு ஆண்டு லூயிஸ் வந்து ஒரு குழியைத் திறந்தபோது ஆற்றுநீர் புகுந்து, சேகரித்த தாவர மாதிரிகள் பாழாகிக் கிடந்தன. பதுக்கி வைத்தது நாம் எடுக்கும்போது அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கணினிக்குள் வந்த பிறகும் இந்தச் சிக்கல் அந்தச் சொல்லை விடவில்லை.

கணினிக்குள் வந்தது 1968இல். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 வரிசையில் 85ஆம் மாதிரி, மெதுவான முதன்மை நினைவகத்துக்கும் கணக்கிடும் செயலகத்துக்கும் (ப்ராசஸர்) நடுவே 16 கிலோபைட் அளவில் ஒரு வேகமான சிறு நினைவகத்தைக் கொண்டிருந்தது. பொறியாளர்கள் அதை 'அதிவேக இடையகம்' என்று அழைத்தார்கள். ஐபிஎம் ஆய்விதழின் ஆசிரியர் லைல் ஜான்சன், கட்டுரை அச்சாகும் முன் கேஷ் என்ற சொல்லைப் பரிந்துரைத்தார், அதுவே நிலைத்தது. பொருத்தமான தேர்வு. இயங்கும் நிரலின் கண்ணுக்கு இந்த நினைவகம் படாது. நிரல் முதன்மை நினைவகத்தைக் கேட்கிறது. விடை வழியிலேயே கிடைத்துவிடுகிறது.

இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியிலும் (பிரவுசர்) நடப்பது இதுதான். ஒரு தளத்தின் சின்னம், எழுத்துரு, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பாணிக் கோப்பு ஆகியவற்றை உலாவி ஒருமுறை இறக்கியதும் ஒரு படியை, அதாவது நகலை, தன்னிடம் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைத் தளத்தை அனுப்பும் வழங்கியே (சர்வர்) 'மேக்ஸ்-ஏஜ்' என்ற அளவில் நொடிக் கணக்கில் சொல்லும். 31536000 என்று இருந்தால் ஓர் ஆண்டு. கெடு முடிந்த பின், 'இது மாறியதா?' என்று உலாவி வழங்கியிடம் கேட்கும். மாறவில்லை என்றால் 304 என்ற குறியீடு மட்டும் திரும்ப வரும். கோப்பு மறுபடி வராது. தளம் நடத்துவோர் அடிக்கடி தவறாகப் படிக்கும் கட்டளை ஒன்று உண்டு: 'நோ-கேஷ்'. அது 'படி வைக்காதே' என்று பொருள்படாது. 'வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுக் காட்டு' என்று பொருள். வைக்கவே கூடாது என்றால் 'நோ-ஸ்டோர்' என்று எழுத வேண்டும்.

குழிக்குள் ஆற்றுநீர் புகுவதற்கு ஈடானது, கெடு முடியும் முன்பே வழங்கியில் கோப்பு மாறிவிடுவது. உலாவி கேட்காமலே பழைய படியைக் காட்டும். பக்கம் குலைந்து தெரியும், பொத்தான் அழுந்தாது, திருத்திய விலை பழையதாகவே இருக்கும். உடனே எல்லாவற்றையும் அழிக்க ஓட வேண்டாம். அதே முகவரியை மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். அதற்குத் தனிக் கேஷ். அங்கே பக்கம் சரியாக வந்தால், பெரும்பாலும் பழைய படியோ குக்கியோதான் (உங்களை அடையாளம் காணத் தளம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு) காரணம். அங்கேயும் குலைந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் தளத்தின் பக்கம். நீங்கள் எதை அழித்தும் பயன் இராது.

கணினியில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த ஒரு பக்கம் மட்டும் படிகளைத் தாண்டி வழங்கியிலிருந்து புதிதாக வரும். மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். அதுவும் போதவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட். திறக்கும் பெட்டியில் படங்களும் கோப்புகளும் என்ற வரியை மட்டும் தேர்ந்தெடுத்து, குக்கிகள் வரியில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். குக்கிகளையும் சேர்த்து அழித்தால் பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். கைபேசிக் குரோமில் மூன்று புள்ளிப் பட்டியலிலிருந்து உலாவல் தரவை அழிக்கும் பகுதிக்குப் போனால் இதே தேர்வுகள் கிடைக்கும். ஐபோனின் சஃபாரி அமைப்பில் வரலாற்றை அழிக்கும் பொத்தான் குக்கிகளையும் சேர்த்தே வாரிக்கொண்டு போகும். அங்கே கவனம் கூடுதலாக வேண்டும். மற்ற செயலிகளுக்கு ஐபோன் தரும் 'ஆஃப்லோட்' வசதியைச் சிலர் கேஷ் அழிப்பு என்று நினைக்கிறார்கள். அது செயலியை நீக்கி அதன் தரவை விட்டுவைக்கும். நேர் எதிரான வேலை.

ஆண்ட்ராய்டில் அமைப்புகள், செயலிகள், குறிப்பிட்ட செயலி, சேமிப்பகம் என்று போக வேண்டும். வாட்ஸாப்பில் கேஷை அழித்தால் அரட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் எண்ணை மறுபடி சரிபார்த்து, காப்புப் படியிலிருந்து மீட்க வேண்டியிருக்கும். கடைசிக் காப்புக்குப் பின் வந்த செய்திகள் கிடைக்காது.

கேஷைத் தினமும் துடைத்தால் கைபேசி வேகமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது தலைகீழ். அழித்த ஒவ்வொரு படத்தையும் எழுத்துருவையும் செயலி மறுபடி இறக்க வேண்டும். முதல் திறப்பு மெதுவாகும், அன்றைய டேட்டாவும் கரையும். இடம் குறையும்போது ஆண்ட்ராய்டே செயலிகளின் கேஷை எடுத்து அழித்துக்கொள்ளும். ஒரு செயலி தடுமாறும்போது, அல்லது ஒன்றின் கேஷ் மட்டும் வழக்கத்துக்கு மாறாக வீங்கியிருக்கும்போது, அதை மட்டும் அழிப்பது போதும்.

இனித் தமிழ்ச்சொல். 'தற்காலிகச் சேமிப்பு' பரவிவிட்ட தொடர்தான், ஆனால் அது கருத்தின் ஓரத்தைத்தான் தொடுகிறது. தற்காலிகமாக இருப்பது இதன் சாரம் அல்ல. ஓர் ஆண்டுகூட இருக்கும். மூலம் வேறிடத்தில் பத்திரமாக இருக்க, இங்கே இருப்பது படி மட்டுமே என்பதுதான் சாரம். சேமிப்பு என்றதும் தமிழருக்குத் தோன்றுவது இழக்கக் கூடாத ஒன்று. கேஷோ இழந்தாலும் திரும்ப வரும்.

பொருத்தமான சொல்லுக்கு நம் வினைகளையே பார்க்கலாம்: ஒதுங்கு, ஒதுக்கு, அடங்கு, அடக்கு, அந்த வரிசையில் பதுங்கு, பதுக்கு. வீழ்ந்தவர் உடலைக் கல்லால் மூடிய குவியலுக்குப் பதுக்கை என்ற பெயர் புறநானூற்றிலேயே உண்டு. பிரெஞ்சு வினையின் பொருளும் மறைத்து வைப்பதே என்பதால் 'பதுக்கு நினைவகம்' என்ற ஆக்கம் மிக இயல்பாகப் பொருந்துகிறது. அரிசிப் பதுக்கல், பதுக்கல்காரர் என்ற வாடை இதில் வீசுகிறது என்பார்கள். உண்மைதான், அதனால் பதுக்கல் என்ற வடிவத்தை விட்டுவிட்டு, இடத்துக்குப் பதுக்ககம், உள்ளிருக்கும் நகலுக்குப் பதுக்குப் படி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு பொத்தான்களில் ஒன்றில் 'பதுக்ககத்தைக் காலி செய்' என்றும், மற்றதில் 'செயலியின் தரவு முழுவதையும் அழி' என்றும் எழுதியிருந்தால், பெயரும் வேறு, வினையும் வேறு. விரல் தயங்கி நிற்கும்.