இரண்டாவதாகக் கை தூக்குபவர்

நகரத்தார் சங்கங்கள் நடத்தும் பிள்ளையார் நோன்பில், இழை எடுக்கும் சடங்கு முடிந்த பிறகு உப்பு உள்ளிட்ட மங்கலப் பொருள்களை ஏலம் விடுவது வழக்கம். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் உப்பு அங்கே பன்மடங்கு விலைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த செட்டிநாட்டுக்காரருக்கு, பழைய கார் ஒன்று ஏலத்தில் கோடிகளைத் தொடுவது பெரிய வியப்பாக இராது. அந்த விலையை முடிவு செய்வது காரை வென்றவர் அல்லர், அவரிடம் தோற்றுப்போனவர் என்பதுதான் வியப்பு.

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் கொட்டகையிலிருந்து 1930களின் கார் ஒன்று ஏலத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மனத்தில் 40 லட்சம் வரை போகலாம் என்ற எண்ணம். இன்னொருவருக்கு 25 லட்சம். மூன்றாமவருக்கு 12 லட்சம். ஒரு தரம், இரண்டு தரம் என்று ஏறும் ஏலம், 25 லட்சக்காரர் கையை இறக்கிய நொடியில் நின்றுவிடும். முதலாமவர் 80 லட்சம் தரத் தயாராக இருந்தாலும் விலை மாறாது. ஆனால் இரண்டாமவர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டால், அதே கார் 12 லட்சத்தை ஒட்டி விற்றுப்போகும். இந்தத் தருக்கத்தை 1961இல் கணிதமாக எழுதிக் காட்டியவர் வில்லியம் விக்ரி. 1996இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே ஒற்றை ஏலச் செய்தியை வைத்துச் சந்தை ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்வது ஆபத்து. ஃபெராரி 250 ஜிடிஓ வகையில் உலகில் தயாரானவை 36 கார்கள்தாம். 2014இல் அவற்றுள் ஒன்று 3.81 கோடி டாலருக்கும், 2023இல் வேறொன்று 5.17 கோடி டாலருக்கும் விற்றன. இரண்டும் வெவ்வேறு வண்டிகள் என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் உயர்வு 36 சதவீதம். அதே ஒன்பது ஆண்டுகளில் அமெரிக்காவின் பொது விலைவாசியே ஏறத்தாழ 29 சதவீதம் உயர்ந்திருந்தது. தலைப்புச் செய்தியின் பளபளப்பு இந்தக் கழித்தலுக்குப் பின் நிற்பதில்லை. மேலும், உரிமையாளர் வைத்த குறைந்தபட்ச விலையை எட்டாமல் வீடு திரும்பும் கார்கள் சராசரிக் கணக்கில் சேர்வதில்லை. எத்தனை வந்தன, எத்தனை விற்றன என்ற விகிதத்தை முதலில் பார்ப்பவரே சந்தையின் நாடியைப் பிடிக்கிறார் என்பது என் கருத்து.

கேட்பவர்கள் மனத்தில் அந்த 40ம் 25ம் எப்படி உருவாகின்றன என்பதில்தான் வேதியியல் நுழைகிறது. இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத் தாளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் தகட்டில் எவ்வளவு இரும்பு மிச்சம் என்பதைப் பெயின்ட் மறைத்துவிடும். துருப்பிடிக்கும்போது, இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரானை இழக்க, பக்கத்தில் ஆக்சிஜன் அதைப் பெற்றுக்கொள்ள, இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் மின்சுற்றை நிறைவு செய்கிறது. உப்பு கலந்தால் அந்தப் படலம் மின்சாரத்தை இன்னும் எளிதாகக் கடத்தும். காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் தந்த நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் என்ற ஊரின் உப்புக் காற்று வீசும் கடற்கரையில் உலோக அரிப்புக்கென்றே ஒரு சோதனைக் களம் வைத்திருப்பது இதனால்தான். காரைக்குடி வட்டாரத்தின் வறண்ட வெயில் மனிதருக்குக் கொடுமை, தகட்டுக்கு நன்மை. துருப் படிவு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்து, நுண்துளைகளோடு உப்பி நிற்பதால், டிங்கரிங் செய்து பட்டி பார்த்த இடத்தின் அடியிலும் அரிப்பு தொடரும். துணியில் சுற்றிய காந்தம் பட்டி தடித்த இடத்தில் ஒட்டாது என்பது பழைய சோதனை.

இந்த மறைந்த நிலையை ஒவ்வொருவரும் ஊகிக்கிறார்கள். அதிக நம்பிக்கையோடு ஊகித்தவரே பெரும்பாலும் வெல்கிறார், பிறகு ஒர்க்‌ஷாப்பில் அதிகம் கொடுத்துவிட்ட உண்மை தெரியவரும். ‘வெற்றியாளரின் சாபம்’ எனப்படும் இந்த நிலையை ஆராய்ந்த ராபர்ட் வில்சனும் பால் மில்குரோமும் 2020இல் நோபல் பெற்றனர். முழுமையாகப் புதுப்பித்து மின்னும் காரைவிட, மங்கிய பழைய பெயின்டோடு இருப்பதற்குச் சிலர் கூடுதலாகக் கேட்பதும் இதனால்தான்: அதில் ஊகிக்க வேண்டியது குறைவு.

இளமையில் ஏங்கிய வண்டியை, கையில் பணம் சேர்ந்த நடுவயதில் மனிதர் தேடுகிறார். அந்தத் தலைமுறை முதுமை அடைந்தால், இரண்டாவதாகக் கை தூக்கும் ஆளும் குறைகிறார். சட்டமும் அவரை உருவாக்கும். 25 ஆண்டு கடந்த வெளிநாட்டுக் கார்களை வழக்கமான பாதுகாப்புத் தரவிதிகள் இன்றி இறக்குமதி செய்ய அமெரிக்கா அனுமதிப்பதால், 1999இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஆர்34 என்ற ஜப்பானியக் காருக்கு 2024இல் ஒரு புதிய நாடே கேட்பவராக வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் சட்டம் எதிர்த்திசையில் இழுக்கிறது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021 விதிகள் தனிப் பதிவெண் வழங்கினாலும், அவற்றை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. 1950க்கு முன் தயாரான காரை உரிமம் இல்லாமல் ஏற்றுமதியும் செய்ய முடியாது. ஆகவே லண்டனில் எத்தனை பேர் அதே மாடலுக்குப் போட்டியிட்டாலும், கானாடுகாத்தான் கொட்டகையில் நிற்கும் அந்தக் காருக்கு 25 லட்சம் சொல்லக்கூடிய இரண்டாமவர் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே கிடைத்தாக வேண்டும்.