ரேக்கா, தனி ஸ்டாண்டா? மேடைப் பலகையைக் கேளுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் வேலூர் வட்டார இன்னிசைக் குழுக்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இன்று குடியாத்தம் பக்கம் அம்மன் கோயில் திடல், நாளை ஆம்பூரில் கல்யாண மண்டபம், மறுநாள் காட்பாடியில் சர்ச் விழா. பாடுபவர் கையை வீசிக்கொண்டு வந்து இறங்கலாம். டிரம் வாசிப்பவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குட்டி யானையிலிருந்து இரும்புகளை இறக்கி, மாட்டி, திருகி முடிப்பதற்குள் சட்டை தொப்பலாகிவிடும். சிம்பல் என்கிற ஒவ்வொரு உலோகத் தட்டுக்கும் தனி ஸ்டாண்டு வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் மாட்டும் ரேக் வாங்குவதா என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது.

டாம் டிரம் எத்தனை, சிம்பல் எத்தனை என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரையை.

சிம்பல் ஸ்டாண்டுக்கு மூன்று கால். அடுப்புக்கு மூன்று கல் வைக்கிற அதே கணக்குதான்: எந்த மூன்று புள்ளிகளையும் ஒரே தளம் தொட்டுவிடும். அதனால் தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று காலும் ஊன்றும். சற்றுச் சாய்ந்து நிற்கலாம், ஆனால் ஆடாது. சாதாரண ரேக்கில் இரண்டு தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் குறுக்கே ஒரு கால். ஆக நான்கு முனைகள். பழைய வட ஆற்காட்டுக் கிராமத் திடல்களில் காலி பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கிப் போடும் மேடையில் நான்கில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அதோடு ஒவ்வொரு பலகையும் தனித்தனியாக அமுங்கும். கிக் டிரம்மின் பெடலை மிதிக்க மிதிக்க இரு தூண்களும் வெவ்வேறு விதமாக அசைந்து, சட்டம் முறுக்கிக்கொள்ளும். குழாயைக் கவ்வியிருக்கும் கிளாம்புகள் மெல்ல நெகிழும்.

அப்படியானால் தனி ஸ்டாண்டு விழவே விழாதா? நன்றாக விழும். சிம்பலைப் பக்கவாட்டில் நீண்ட கையில் தாங்கும் பூம் ஸ்டாண்டில் இது அடிக்கடி நடக்கிறது. காரணம் எடை இல்லை, காலைத் திருப்பி வைத்த விதம். நான்கு கிலோ ஸ்டாண்டு, நடுவிலிருந்து ஒவ்வொரு காலும் 30 செ.மீ. விரிந்திருக்கிறது, பூம் கையின் நுனியில் 50 செ.மீ. தள்ளி இரண்டு கிலோ ரைடு சிம்பல் என்று வைத்துக்கொள்வோம். கையின் எடையை விட்டுவிட்டால், மொத்தத்தின் ஈர்ப்பு மையம் நடுவிலிருந்து ஏறக்குறைய 17 செ.மீ. சிம்பல் பக்கம் நகரும். சிம்பலுக்கு நேர் கீழே ஒரு கால் நீண்டிருந்தால் அந்தத் திசையில் 30 செ.மீ. வரை இடமிருக்கிறது, ஸ்டாண்டு அசையாது. சிம்பல் இரண்டு கால்களுக்கு நடுவே வந்தால் கதையே வேறு. சமபக்க முக்கோணத்தில் நடுவிலிருந்து பக்கம் வரையுள்ள தூரம், முனை வரையுள்ள தூரத்தில் சரியாகப் பாதி: 15 செ.மீ.தான். 17 அதைத் தாண்டிவிட்டது. அடிக்காமலேயே சாய்ந்துவிடும். அதே ஸ்டாண்டு, அதே சிம்பல். 60 பாகை திருப்பியதுதான் வித்தியாசம். புது ஸ்டாண்டு வாங்கும் முன் இதைச் செய்து பார்ப்பது செலவில்லாத வேலை.

ரேக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு முனை மட்டும் பிடித்து நிற்கும் கம்பியின் நுனியில் எடை தொங்கினால், நீளம் இரட்டிப்பானதும் வளைவு எட்டு மடங்காகும். கிராஷ் சிம்பலை அடிக்கும்போது நீண்ட பூம் கை குதிப்பது இதனால்தான். ரேக்கின் குறுக்குக் குழாய்க்கோ இரு பக்கமும் தாங்கல் உண்டு. குழாயும் பருமன், பல ரேக்குகளில் ஒன்றரை அங்குலம். தகட்டின் தடிமன் மாறாமல் குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு சுமார் எட்டு மடங்கு. அலுமினியத்துக்கு எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், எடையும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் பருமனான அலுமினியக் குழாய் இங்கே நன்றாகவே ஈடுகொடுக்கிறது. பூம் கையும் குட்டையாக இருந்தால் போதும். கீழே ஆறு முக்காலிகள் காலைப் பின்னிக்கொண்டு பெடலுக்கு இடம் தேடும் தொல்லை இல்லை. 1983இல் டிரம் தயாரிக்கும் பேர்ல் நிறுவனம், டோட்டோ என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர் ஜெஃப் பொர்காரோவோடு சேர்ந்து டிஆர்-1 என்ற ரேக்கைக் கொண்டுவந்தபோது பெரிய டிரம் செட்காரர்கள் அதை விரும்பியதில் ஆச்சரியமில்லை. குழாயில் இடத்தைக் குறித்துவைக்கும் மெமரி லாக் வளையங்களை இறுக்கிவிட்டால் அடுத்த ஊரிலும் சிம்பல் அதே உயரத்தில், அதே கோணத்தில் வந்து உட்காரும்.

ஆனால் ஒரே உடம்பு என்றால் அதிர்வும் பொதுச்சொத்து. நம் ஊர்க் குழுக்களில், தட்டினால் பதிவுசெய்த ஒலி எழுப்பும் மின்னணுப் பலகையான ஆக்டோபேட் இல்லாத மேடை அரிது. அதைக் கிளாம்ப் போட்டு ரேக்கிலேயே மாட்டுகிறார்கள், கூடவே தனி கிக் பேடும், ஸ்நேர் டிரம்மின் அடியை உணரும் டிரிகரும். உள்ளே இருக்கும், அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ சென்சாருக்குக் குச்சி பட்ட அதிர்வும் குழாய் வழியே வந்த அதிர்வும் ஒன்றுதான். டாமை அடித்தால் பேடில் கைதட்டல் கேட்கும். இதைத் தடுக்கக் கருவியில் கிராஸ்டாக் என்ற அமைப்பு உண்டு: ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு சைகைகள் வந்தால் பலவீனமானதைத் தள்ளிவிடும். அதை அளவுக்கு மேல் ஏற்றினால் நீங்கள் மெதுவாகத் தட்டிய நிஜத் தட்டும் காணாமல் போகும்.

தூக்கிச் செல்வதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டு மூன்று சிம்பலுக்கு ரேக் வீண் சுமை. ஐந்தாறைத் தாண்டினால்தான் மிச்சம். நீளக் குழாய் ஆட்டோவில் குறுக்கே நிற்கும். ரேக் வாங்கினாலும் காலால் இயக்கும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹேட்டுக்கும் ஸ்நேர் டிரம்முக்கும் பெரும்பாலும் தனி ஸ்டாண்டு வேண்டும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்வதில்லை.

சிமெண்ட் தரையில், மாதக்கணக்கில் பிரிக்காமல் இருக்கும் சர்ச் செட்டுக்கோ, விஐடி பல்கலைக்கழகத்தின் ரிவியேரா விழா போன்ற பெரிய மேடைக்கோ என் ஓட்டு ரேக்குக்கு. ஊர் ஊராகப் பலகை மேடை ஏறுபவருக்குத் தனி ஸ்டாண்டுதான். ஒரு ஸ்டாண்டிலேயே கிளாம்ப் போட்டு இரண்டாவது சிம்பலையும் ஏற்றினால் முக்காலிகள் குறையும். அப்போதும் இரண்டு சிம்பலும் ஆளுக்கொரு காலுக்கு மேலே வர வேண்டும். திருவிழா மேடைக்கு ரேக்தான் என்று அடம்பிடிப்பவர்கள் எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஒன்றை, 18 மி.மீ. தடிமனில், அடியில் போட்டு அதன்மேல் ஜமக்காளம் விரிக்கட்டும். பலகைகள் தனித்தனியாக அமுங்குவது பெருமளவு குறையும். ஆக்டோபேடை மட்டும் ரேக்கிலிருந்து இறக்கித் தனி ஸ்டாண்டில், அந்த ப்ளைவுட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.