விசயம் வாலில் இருக்கிறது

போன ஓகஸ்ட் மாதம், லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஒரு சிற்றாற்றங்கரையில் நின்று கயிறு இழுக்கிறார். கயிற்றின் நுனியில் ஒரு வலைக்கூடு. அதற்குள் சேற்று நிறத்தில் பத்துப் பதினைந்து பிராணிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு சடசடக்கின்றன. கீழே ஒரு வரி: "தம்பி, இதைக் கறி வைக்கலாமோ? கேட்டுச் சொல்லு."

கேட்கச் சொன்னது அம்மாவிடம். வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா, கையைத் துடைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, இரண்டு தரம் பார்த்தார். "இறாலுக்கு நண்டுக்கால் பூட்டின மாதிரிக் கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு நான் தேடிப் படித்த எந்த விலங்கியல் வர்ணனையும் அவ்வளவு சுருக்கமாக இல்லை.

அதன் பெயர் கிரேஃபிஷ். ஃபிஷ் என்று முடிந்தாலும் மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. சிங்கிறாலின் உறவு, ஆனால் ஆறு, குளம், சதுப்பு என்று நன்னீரிலேயே வாழ்கிறது. உலகில் அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்கிலும் அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் மிக அதிகம். மடகஸ்காரில்கூட இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. தமிழில் அதற்கென்று ஒரு சொந்தப் பெயர் இல்லாததில் ஆச்சரியமில்லை.

அண்ணா பிடித்தது சிக்னல் கிரேஃபிஷ் என்ற இனம். கொடுக்கின் மூட்டில் கொடி காட்டுவதுபோல ஒரு வெளிர் திட்டு இருக்கும், அதனால் அந்தப் பெயர். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தது; சாப்பாட்டுக்காக வளர்க்கவென்று 1970களில் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். பண்ணையிலிருந்து தப்பி ஆறுகளில் பரவியது. கூடவே ஒரு நீர்ப்பூஞ்சண நோயையும் கொண்டுவந்தது. அமெரிக்க இனங்கள் அந்த நோயைத் தாங்கிக்கொள்ளும், பிரித்தானியாவின் சொந்த இனமான வெண்கொடுக்குக் கிரேஃபிஷ் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும்.

சரி, கூட்டுக்கு வருவோம்.

கூட்டின் இரண்டு முனையிலும் புனல் வடிவ வாசல். வெளிப்பக்கம் அகலம், உள்ளே போகப் போக ஒடுக்கம். நடுவில் ஒரு மீன் தலை. சூரியன் போனபின் இறக்கி, காலையில் தூக்குவார்கள், ஏனென்றால் இது இரவில் திரியும் பிராணி. கண்ணைவிட மோப்பத்தைத்தான் நம்பும். தலையில் இரண்டு நீளமான மீசைகளுக்கு நடுவே இரண்டு சோடிக் குட்டி மீசைகள் உண்டு. அவற்றை அடிக்கடி சுண்டி, ஒவ்வொரு சுண்டலுக்கும் புதுத் தண்ணீரை மோந்து பார்க்கும். கால் நுனியாலும் சுவை அறியும். மீன் தலையின் வாடை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் கொடுக்கை முன்னே நீட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வரும். புனலின் சரிவு அதற்கு ஒரு பாதை போல. உள்ளே விழுந்தபின் தரையோடும் சுவரோடும் ஒட்டி ஊர்ந்து வெளிவழி தேடும். வாசலின் உள்வாயோ கூட்டின் நடுவில், அந்தரத்தில் இருக்கிறது.

பயந்தால்? அங்கேதான் வால் வருகிறது.

முன்னே நடக்கும் இந்தப் பிராணி ஓடும்போது பின்பக்கமாகத்தான் பாயும். வால் முழுவதையும் ஒரே வெட்டில் வயிற்றுக்குக் கீழே மடிக்கும். நுனியிலிருக்கும் விசிறி தண்ணீரை முன்னே அள்ளித் தள்ள, உடல் பின்னே எகிறும். ஆற்றில் கல்லுக்கடியில் மறைய அது அருமையான வித்தை. கூட்டுக்குள் அதே வித்தை அதைப் பின்புறமாக வலையில் கொண்டுபோய் மோதவைக்கும், அவ்வளவுதான். கையால் பிடிக்கிறவர்களுக்கும் இதே கணக்கு உதவும். ஒரு கையை முன்னே காட்டி, மற்றக் கையைப் பின்னால் வைத்தால் தானாகவே வந்து விழும்.

இந்தப் பாய்ச்சலின் வேகம்தான் என்னை இதற்குள் இழுத்தது. தொட்ட கணத்திலிருந்து வால் மடியத் தொடங்குவதற்கு ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வினாடி. நாம் கண் இமைப்பதற்குள் அது வேறிடத்தில் இருக்கும். நம் உடலில் வேகமான நரம்பிழைகளுக்கு மேல் கொழுப்புறை சுற்றியிருக்கிறது. மின்கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் மாதிரி. கிரேஃபிஷுக்கு அந்த வசதி இல்லை. அது வேறு வழி பார்த்தது: இழையையே தடிப்பாக்கிவிட்டது. வாலுக்குப் போகும் நரம்பு வடத்தில் நான்கு இராட்சத இழைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தடிப்பு, நரம்பிழை உலகில் அது பெரிய நெடுஞ்சாலை. அவற்றில் ஒரு சோடி முன்னாலிருந்து வரும் ஆபத்துக்கு: நேராகப் பின்னே பாய்ச்சல். மற்றச் சோடி வாலில் யாராவது கைவைத்தால் வேலை செய்யும். ஆபத்து பின்னால் இருக்கும்போது பின்னே பாய்வது மடத்தனமல்லவா? அப்போது வாலின் முன்பாதி மட்டும் மடியும், உடல் மேலே குட்டிக்கரணம் அடிக்கும்.

அந்த இழையில் ஒரேயொரு மின்துடிப்பு போனாலே முழுப் பாய்ச்சலும் நடந்துவிடும் என்று வியர்ஸ்மா என்ற ஆய்வாளர் 1947 இல் காட்டினார். யோசிக்க நேரமில்லை, ஒரு சுவிட்ச் அவ்வளவுதான். 1959 இல் ஃபர்ஷ்பன், பொட்டர் என்ற இருவர் இதைவிடப் பெரிய ஒன்றைக் கண்டார்கள். நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி இரசாயனத்தின் மூலமே தாவும் என்று அப்போது பெரும்பாலானோர் நம்பியிருந்தார்கள். கிரேஃபிஷ் வாலின் இராட்சத இழை, தசையை ஆட்டும் நரம்பைத் தொடும் இடத்தில் மின்னோட்டம் நேரடியாகவே கடந்து போனது. இரசாயனம் இல்லை, அதற்கான தாமதமும் இல்லை. இப்படிப்பட்ட மின் இணைப்புகள் நம் மூளையிலும் உண்டு என்பது பின்னர் தெரியவந்தது. பாடப்புத்தகத்தில் இடம்பிடித்த அந்தக் கண்டுபிடிப்பு, பல வீடுகளில் வெண்ணெயில் தோய்த்துத் தின்னும் ஒரு பொருளிலிருந்து வந்தது.

இறால் உரிக்கும் கைக்கு இது புதிதாக இருக்காது. முதுகைக் கீறினால் வரும் கறுப்பு நூல் குடல். அதைத்தான் உருவி எறிகிறோம். நரம்பு வடம் முதுகில் இல்லை. அது அடியில், வயிற்றுப் பக்கம் ஓடுகிறது, வெள்ளையாக, மெல்லியதாக. அன்று அம்மா உரித்த இறால் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். நகத்தால் நெருடினால் தட்டுப்பட்டது. இவ்வளவு காலமும் அதைச் சொதியோடு சாப்பிட்டிருக்கிறோம்.

நாம் தின்னும் இறைச்சி என்பதும் அந்தப் பாய்ச்சலுக்கான தசைதான். நாட்டுக்கோழியின் நெஞ்சு வெளுப்பாகவும் கால் கறுப்பாகவும் இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம் இங்கும்: நெடுநேரம் உழைக்கும் தசைக்கு நிறம் அதிகம், ஒரு நொடி வெடித்து ஓயும் தசை வெள்ளை. கிரேஃபிஷ் தொடர்ந்து சில தரம் வாலை உதறினால் களைத்துப்போகும். வாழ்நாளில் பெரும்பகுதி சும்மா இருந்த தசை என்பதால் அது மென்மையாகவும் இருக்கிறது. ஆனால் அளவு? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நெல்வயல்களிலேயே தண்ணீர் கட்டி வளர்க்கும் சிவப்புச் சதுப்புக் கிரேஃபிஷில், மொத்த எடையில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் வால் இறைச்சி. ஒரு கிலோ வாங்கினால் 150 கிராம். மிச்சமெல்லாம் ஓடும் தலையும். அண்ணாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்கட நண்டு பரவாயில்லை" என்றார்.

உயிரோடு இருக்கும்போதே சமைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வதற்கும் காரணம் உண்டு. தலைப்பகுதியில் இருக்கும் செரிமானச் சுரப்பியின் நொதிகள், பிராணி செத்ததும் கசிந்து வால் தசையைக் கரைக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் இறைச்சி மா மாதிரி ஆகிவிடும். அவித்தபின் வால் சுருளாமல் நேராக இருந்தால் அது முன்பே செத்தது என்று லூசியானாவில் ஒரு நம்பிக்கை; உறுதியான சோதனையல்ல, பானையில் நெருக்கியடித்து அவித்தாலும் வால் நேராக நிற்கலாம். கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உயிரோடு கொதிநீரில் போடுவது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 2014 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கிரேஃபிஷுக்கு இலேசான மின் அதிர்ச்சி கொடுத்துவிட்டு ஒளியும் இருளுமான பாதைகளில் விட்டார்கள். அதிர்ச்சி முடிந்தபின்னும் அவை வெளிச்சமான பாதைக்குப் போகத் தயங்கின. மனிதருக்குக் கொடுக்கும் பதற்றக் குறைப்பு மருந்தைக் கொடுத்ததும் மறுபடி சாதாரணமாகத் திரிந்தன. பிரித்தானியாவின் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் நண்டு, இறால், கிரேஃபிஷ் எல்லாவற்றையும் உணர்வுள்ள பிராணிகளின் வரிசையில் சேர்த்துவிட்டது. பனிக்கட்டியில் நன்றாகக் குளிரவைத்து, அடங்கியபின் ஒரே வெட்டாக வெட்டுங்கள் என்றுதான் அண்ணாவுக்கு எழுதினேன். எங்கள் வீட்டு நண்டுக்கும் இப்போது அதுதான்.

பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மட்டும் சாப்பிடக்கூடாது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 2006 முதல் 2010 வரை ஒன்பது பேருக்கு நுரையீரல் தட்டைப்புழு நோய் வந்தது. ஆற்றில் படகு விட்டவர்கள், முகாமிட்டவர்கள், சிலர் சும்மா ஒரு சவாலுக்காகவே கிரேஃபிஷைப் பச்சையாகக் கடித்திருக்கிறார்கள். புழுவின் குட்டிகள் கிரேஃபிஷின் உடலுக்குள் இருக்கும், மனிதக் குடலைத் துளைத்து நுரையீரலுக்கு ஏறும். இறைச்சியின் நடுப்பகுதி 63 பாகை செல்சியசைத் தொட்டால் பயமில்லை. நம் கறிச்சட்டியில் அது பிரச்சினையே அல்ல.

சட்டியில் சிவப்பதும் ஒரு கதை. அந்தச் சிவப்பு புதிதாக வருவதில்லை, முன்பே ஓட்டில் இருக்கிறது. அஸ்டாசாந்தின் என்ற நிறமி அது. பாசியிலிருந்து தொடங்கி உணவு வழியாக உடலுக்குள் சேர்வது. உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அதை இறுக்கிப் பிடித்து வளைத்து வைத்திருக்கும். அந்த வளைவில் நிறமி உறிஞ்சும் ஒளி மாறிவிடுவதால் நீலமாகவும் பழுப்பாகவும் தெரியும். சூடுபட்டதும் புரதம் குலைந்து பிடி விடும், பழைய நிறம் வெளியே வரும்.

"நாலைந்து கிலோ பிடித்தால் ஆறு சுத்தமாகிவிடும்" என்று அண்ணா ஒரு பெருமையோடு சொன்னார். அங்கேதான் நான் உடன்படவில்லை. இங்கிலாந்தில் கூடு வைக்க உரிமம் வேண்டும், நீர்நாய் சிக்காமலிருக்க வாசல் 95 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, பிடித்த சிக்னல் கிரேஃபிஷைத் திரும்ப ஆற்றில் விடவும் கூடாது. இதெல்லாம் அவருக்குத் தெரியும், உரிமத்தோடுதான் வைத்தார். ஆனால் வடக்கு யோர்க்ஷயரில் ஒரு சிற்றோடையின் தண்ணீரை வற்றவைத்து எண்ணிப் பார்த்தபோது, கூட்டில் சிக்கும் அளவுக்குப் பெரியவை மொத்தத்தில் 2.3 சதவீதம்தான். கூட்டுக்குள் போவது பெரும்பாலும் பெரிய கடுவன்கள், அவை உள்ளே இருந்தால் சிறியவை பக்கத்தில் வராது. பெரியதை எடுத்துவிட்டால் சிறியதற்கு இடமும் தீனியும் கிடைக்கும். கறிக்குப் பிடிக்கலாம், அதில் தப்பில்லை. அதை ஆற்றுக்குச் செய்யும் தொண்டு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஏன் இப்படிப் பெருகுகிறது என்றால், மறுபடி வால்தான். நம் குளங்களில் விடும் பெரிய நன்னீர் இறாலைப் பாருங்கள், நீலக் கொடுக்கு நீட்டிக்கொண்டு வருமே, அது. அதன் குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும். கழிமுகத்துக்குப் போக முடியாத குளத்தில் அது இனம் பெருக்காது, அதனால் பொரிப்பகத்திலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிரேஃபிஷுக்குக் கடலே தேவையில்லை. தாய் முட்டைகளை வாலுக்கடியில் ஒட்டி, மடித்த வாலைக் கூடையாக்கிச் சுமக்கும். பொரிப்பவை தாயின் சின்ன வடிவமாகவே பிறந்து, சில காலம் அதே வாலில் தொங்கும். ஒரு குளம் இருந்தால் போதும்.

பளிங்குக் கிரேஃபிஷ் என்ற இனத்துக்குக் கடுவன்கூடத் தேவையில்லை. 1990களின் நடுவில் ஜெர்மனியின் மீன்தொட்டி வியாபாரத்தில் தலைகாட்டியது. எல்லாமே பெட்டை, முட்டைகள் கருவுறாமலே குஞ்சாகும், ஒவ்வொன்றும் தாயின் நகல். மடகஸ்கார் வரை போய் அங்கே வயல்களிலும் ஆறுகளிலும் பரவிவிட்டது. கிரேஃபிஷ் இயற்கையாக இல்லாத இலங்கையின் ஓடைகளில் அதன் இடத்தில் நம் நன்னீர் நண்டுகள் இருக்கின்றன: ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள், ஏறத்தாழ எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை, பல இனங்கள் ஒரு மலையோடையை விட்டால் வேறு ஊர் அறியாதவை.

வீடியோ வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, கொழும்பில் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குப் போயிருந்தேன். ஓரத்துத் தொட்டியில் தனியாக ஒன்று, கடுநீலம். கண்ணாடியில் "லொப்ஸ்டர்" என்று எழுதி ஒட்டியிருந்தது. விரலால் இலேசாகத் தட்டினேன். ஒரு வெட்டு, மணல் கலங்கியது, பின்சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

"பெட்டையோ கடுவனோ?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணே" என்றான் கடைப்பையன். "சும்மா கொண்டுபோங்க, செலவில்ல. பெரிசா வளந்து தொல்லை குடுத்தா பேரே வாவியில விட்டிடலாம்."