பன்னிரண்டாம் வகுப்பு 'கவர்ன்மென்ட்' பாடம்: ஆசிரியர் தரும் தாளும் அதற்கு மேலுள்ள சட்டமும்

கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி டிப்ளமோ (பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்று) பெற வேண்டுமானால், அமெரிக்க அரசாங்கமும் குடிமையியலும் பற்றிய பாடத்தை ஒரு பருவம் படித்துத் தேற வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டத் தொகுப்பின் 51225.3 ஆம் பிரிவு சொல்கிறது. பெரும்பாலான பள்ளிகள் இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பருவத்திலும், பொருளியலை மறு பருவத்திலும் வைத்திருக்கின்றன. பின்னணி இவ்வளவு போதும். பாடம் அப்படியொன்றும் கடினமானதன்று; அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தடுமாறுவது வகுப்பின் விதிகளில்தான். பள்ளி இறுதியாண்டில் வரும் பாடம் என்பதால், இதில் தவறினால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை.

பருவத்தின் முதல் வாரத்தில் ஆசிரியர் ஒரு சிலபஸ் தாளைக் கொடுத்து, மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்டுத் திருப்பித் தரச் சொல்வார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்திடும் பெற்றோர்தான் மிகுதி. பின்னால் தகராறு வரும்போது, பள்ளி முதலில் எடுத்துக் காட்டுவது அந்தக் கையெழுத்தைத்தான். ஆகவே இரண்டு இடங்களையேனும் நிதானமாகப் படியுங்கள். முதலாவது, மதிப்பெண் எந்தப் பிரிவுக்கு எத்தனை விழுக்காடு என்னும் பகுதி. தேர்வுக்கு 60 விழுக்காடு என்றிருந்தால், வீட்டுப்பாடம் முழுவதையும் ஒழுங்காகக் கொடுத்த பிள்ளையும் இரண்டு தேர்வுகளில் சறுக்கினால் கீழே போய்விடும். வகுப்பு விவாதத்துக்கும் நாட்டு நடப்புக் குறிப்புகளுக்கும் தனி மதிப்பெண் இருந்தால், வாய் திறக்கக் கூசும் பிள்ளை அந்த இடத்தில் இழக்கும். இரண்டாவது, தாமதமாகக் கொடுக்கும் வேலையைப் பற்றிய விதி. சில ஆசிரியர்கள் நாளுக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். சிலர் அறவே வாங்க மாட்டார்கள்.

இணையத்தில் தெரியும் கிரேடை ('ஏ' முதல் 'எஃப்' வரையிலான தரக் குறியீடு) அப்படியே நம்ப வேண்டாம். அதுவரை திருத்தி ஏற்றிய வேலைக்கு மட்டுமே அங்கே கணக்கு இருக்கும். ஆசிரியர் இன்னும் திருத்தாத கட்டுரைக்கு மதிப்பெண் ஏறி, வெற்றிடமாக விட்டிருக்கும் கொடுக்காத வேலை பூஜ்யமாகும் நாளில், ஆறு வாரமாகத் தெரிந்த 'ஏ' ஒரே இரவில் 'டி' ஆகிவிடும். வாரம் ஒரு முறை கிரேடைப் பார்ப்பதை விட, கொடுக்காத வேலைகளின் பட்டியலைப் பார்ப்பதே பயன் தரும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஆசிரியரின் தாள் மாநிலச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. 'தவறவிட்ட தேர்வுக்கு மறுவாய்ப்பு இல்லை' என்று தாளில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், அதே கல்விச் சட்டத் தொகுப்பின் 48205 ஆம் பிரிவின்கீழ் ஏற்கத்தக்க காரணத்தால் வராதிருந்த மாணவருக்கு, நியாயமாகத் தரக்கூடிய எல்லாத் தேர்வுகளையும் வேலைகளையும் முடிக்க வாய்ப்பளிக்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் நிறைவாக முடித்தால் முழு மதிப்பெண்ணும் தர வேண்டும். அதே தேர்வையே தர வேண்டியதில்லை, அதற்கு ஈடான வேறொன்றை ஆசிரியர் தரலாம் என்பது மட்டுமே அவருக்குள்ள தளர்வு. நோய், மருத்துவரிடம் செல்லுதல், நெருங்கிய குடும்பத்தினரின் இறப்பு, சமயத் திருநாள், பண்பாட்டு விழா ஆகியவை அப்பிரிவு ஏற்கும் காரணங்களில் அடங்கும். பொங்கலன்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள நீங்கள் காய்ச்சல் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே பள்ளிக்குத் தெரிவித்தால், குடிமை அல்லது அரசியல் நிகழ்வொன்றில் பங்கேற்க ஆண்டுக்கு ஒரு பள்ளி நாளும் உண்டு. அரசாங்கப் பாடம் நடத்தும் வகுப்பிலேயே இதைப் பலர் சொல்வதில்லை என்பது வியப்புதான்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு தானாக வந்து சேராது. பிள்ளை வராத நாளுக்கான காரணத்தைப் பெற்றோர் வருகை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பள்ளி வைத்திருக்கும் கெடு பெரும்பாலும் சில நாட்களே. ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம் என்பது கணக்கில் வராது. ஆசிரியர் அதை வருகை அலுவலகத்துக்கு அனுப்ப மாட்டார், வருகை அலுவலகம் ஆசிரியரைக் கேட்காது, கெடு முடிந்த பின் இருவருமே மற்றவரைக் கைகாட்டுவார்கள். இரு இடங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊருக்குப் போய்வருவது ஏற்கத்தக்க காரணமன்று. குளிர்கால விடுமுறையை முன்னும் பின்னும் நீட்டி இந்தியா சென்றுவரும் குடும்பங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. தாத்தா பாட்டியின் இறப்புக்குச் சட்டம் அனுமதிக்கும் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பதினாறாம் நாள் காரியம் வரை தங்கினால் மிச்ச நாட்கள் காரணமற்ற விடுப்பாகும். ஒரு கல்வியாண்டில் தக்க காரணமின்றி மூன்று முழு நாட்கள் வராவிட்டாலே சட்டம் பிள்ளையை 'ட்ரூயன்ட்' (பள்ளிக்கு மட்டம் போடுபவர்) என்று வகைப்படுத்துகிறது. அதைவிடக் கடுமையானது 49067 ஆம் பிரிவு: காரணமற்ற விடுப்பு ஒரு வரம்பைத் தொட்டால் ஆசிரியர் தேர்ச்சியே மறுக்கலாம் என்று கல்வி மாவட்டம் விதி இயற்றிக்கொள்ள அது இடமளிக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அப்படியொரு விதி உண்டா, வரம்பு எத்தனை நாள் என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள். 'இன்டிபென்டன்ட் ஸ்டடி' என்னும் தற்படிப்பு ஒப்பந்தத்துக்கு வழியிருந்தால், பேசி முடிப்பதைக் கிளம்புமுன் செய்யுங்கள். திரும்பி வந்து கேட்டால் வருத்தம் தெரிவிப்பார்கள், வேறெதுவும் செய்ய மாட்டார்கள்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இது இன்னும் இறுக்கம். அங்கே ஒரு வகுப்பு நடக்கும் நாட்களில் 90 விழுக்காடாவது வந்திருந்தால்தான் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் (டிப்ளமோவுக்குக் கணக்கில் சேரும் புள்ளி) உண்டு. காரணம் சொல்லி எடுத்த விடுப்பும் இந்தக் கணக்கில் சேரக்கூடும். 75 விழுக்காடோ அதற்கு மேலோ, ஆனால் 90க்குக் கீழ் இருப்பவர்கள் பள்ளி முதல்வர் ஒப்புக்கொள்ளும் திட்டப்படி ஈடுசெய்து கிரெடிட்டை மீட்கலாம். அந்தத் திட்டத்தைக் கேட்டுப் பெறுவது உங்கள் வேலையாகத்தான் முடியும்.

மீண்டும் கலிபோர்னியா. அடுத்த பொறி 'டி' கிரேடு. பள்ளிக்கு அது தேர்ச்சி, டிப்ளமோவும் கிடைக்கும், கவுன்சலரும் (பள்ளியின் படிப்பு ஆலோசகர்) 'பாஸ்' என்றே சொல்வார். கலிபோர்னியப் பல்கலைக்கழகமோ, சேர்க்கைக்குக் கட்டாயமாக்கியிருக்கும் தன் 'ஏ–ஜி' பாடங்களுக்கு 'சி' அல்லது அதற்கு மேல் கேட்கிறது. அது வசந்த காலத்தில் தரும் சேர்க்கையும் நிபந்தனைக்குட்பட்டதே. இறுதியாண்டில் 'டி' அல்லது 'எஃப்' வந்தால் மாணவர் தாமே தெரிவிக்க வேண்டும், சேர்க்கை ரத்தாகவும் கூடும். தவறிய பருவத்தைக் கோடையில் இணைய வகுப்பில் ஈடுகட்டுவோர், அந்த வகுப்பு பல்கலைக்கழகம் ஒப்பிய பட்டியலில் இருக்கிறதா என்று சேருமுன் பாருங்கள். பள்ளி ஏற்கும் எல்லா வகுப்பையும் பல்கலைக்கழகம் ஏற்பதில்லை.

பிள்ளை தவறும் நிலையில் இருப்பது தெரிந்தவுடன் பள்ளி பெற்றோரைச் சந்திக்க வேண்டும் அல்லது எழுத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும் 49067 ஆம் பிரிவில் உள்ளது. அறிக்கை வரவில்லை என்றால் தேதியோடு குறித்து வையுங்கள். வந்ததற்கு நீங்கள் பதில் தராவிட்டாலும் ஆசிரியர் தேர்ச்சி மறுக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதையும் மறக்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பை இந்தியாவில் முடித்து வரும் பிள்ளைகளின் பெற்றோர், அங்கே படித்த சமூக அறிவியலே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். பொதுவான சமூக அறிவியல் கிரெடிட்டாக அது ஏறலாம். அமெரிக்க அரசாங்கத்துக்கும் அமெரிக்க வரலாற்றுக்கும் ஈடாகாது. சேரும் நாளிலேயே எந்தப் பாடம் எதற்கு ஈடாக ஏறியது என்று கவுன்சலரிடம் எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன கவுன்சலர் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கு மாறியிருப்பார்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது ஒரு படிவம். கலிபோர்னியாவில் 16, 17 வயதுக் குடிமக்கள் வாக்காளராக முன்பதிவு செய்யலாம். அந்தப் படிவம் பெரும்பாலும் இந்த வகுப்பில்தான் வரும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்களும், கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) வைத்திருப்பவர்களும் அதில் கையெழுத்திடவே கூடாது. 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்று உறுதிமொழி தருவது அந்தப் படிவத்தின் பகுதி. பொய்யாகக் குடியுரிமை கோரியவர்களுக்கு 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை, கிரீன் கார்டுக்கான கதவையே மூடிவிடக் கூடியது. ஆசிரியருக்குப் பிள்ளையின் விசா நிலை தெரியாது; பள்ளி அதைக் கேட்கவும் கூடாது. அதனால் எச்சரிக்க வேண்டியவர் நீங்கள்தான். படிவத்துக்கு மதிப்பெண் வைத்திருந்தால், காரணம் சொல்லாமலே மாற்று வேலை கேட்கலாம். தேர்தல் நாளில் வாக்குச்சாவடிப் பணிக்கு மாணவர்களை எடுக்கும் திட்டமும் உண்டு. 16 வயதான குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் அதில் சேரலாம், எச்-4 பிள்ளைகளுக்கு இடமில்லை.

நகர மன்றக் கூட்டத்துக்குப் போய் எழுதி வரச் சொல்லும் வேலைக்கு இப்படி எந்தத் தடையும் கிடையாது. 1953ஆம் ஆண்டின் பிரௌன் சட்டப்படி அக்கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. உள்ளே நுழையப் பெயர் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மக்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதுவதும் அவ்வாறே. ஊதியமின்றிப் பிரசாரத்தில் உதவலாம். ஆனால் எச்-4 பிள்ளை வேட்பாளருக்கு ஒரு டாலரும் நன்கொடை தரக்கூடாது. கொடி வணக்கத்துக்கு எழுந்து நிற்க மறுத்ததற்காக எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் குறைக்க முடியாது. 1943இல் பார்னெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்ட விஷயம் இது.

வகுப்புக்கெனக் கட்டணம் கேட்டால் மறுக்கலாம். பாடநூல், பயிற்சி ஏடு என எதற்கும் அரசுப் பள்ளி காசு வாங்க 49011 ஆம் பிரிவு இடம் தராது. விருப்பத்தின் பேரில் எழுதும் ஏ.பி. தேர்வின் (கல்லூரித் தரப் பாடத்துக்கான தேர்வு) கட்டணம் மட்டும் வேறு கணக்கு.

பிள்ளைக்கு இந்த ஆண்டில்தான் 18 வயது நிறையும். அன்றிலிருந்து கல்விப் பதிவுகள் மீதான உரிமை கூட்டரசுச் சட்டப்படி மாணவருக்கு மாறுகிறது. நேற்று வரை பேசிய அலுவலகம் 'மாணவரின் ஒப்புதல் வேண்டும்' என்று சொல்லிவிடலாம். பிறந்த நாளுக்கு முன்பே பள்ளியின் ஒப்புதல் படிவத்தில் பிள்ளையின் கையெழுத்தை வாங்கிக் கொடுங்கள்.

கிரேடு தவறு என்று தோன்றினால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். 49066 ஆம் பிரிவுப்படி அவர் இட்ட கிரேடே இறுதியானது. எழுத்தர் பிழை, மோசடி, தீய நோக்கம், தகுதியின்மை ஆகிய நான்கில் ஒன்றைக் காட்டினால்தான் மாற்ற முடியும். 'என் பிள்ளை கடினமாக உழைத்தான்' என்பது அந்த நான்கில் இல்லை. 'மார்ச் மாதக் கட்டுரைக்குப் பெற்ற மதிப்பெண் ஏற்றப்படவில்லை' என்பது இருக்கிறது. ஆசிரியர் கவுன்சலரைக் காட்டி, கவுன்சலர் துணை முதல்வரைக் காட்டி, அவர் மீண்டும் ஆசிரியரிடம் அனுப்பும் சுற்றில் வாரங்கள் கரையும். அதற்குள் பதிவுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள்; ஐந்து அலுவலக நாட்களுக்குள் பார்க்க அனுமதிக்க வேண்டும். பின்னர் 49070 ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மாவட்டக் கண்காணிப்பாளருக்கு மனு அனுப்பினால், அவர் 30 நாட்களுக்குள் உங்களையும் ஆசிரியரையும் சந்திக்க வேண்டும். அவர் மறுத்தால் கல்வி வாரியத்துக்கு மேல்முறையீடு செய்ய உங்களுக்கு 30 நாட்கள் உண்டு. பட்டமளிப்பு வரும் ஜூன் மாதத்தில் தொடங்கினால் இந்த இரண்டு கெடுக்களும் கோடை விடுமுறைக்குள் போய்விழும். ஆசிரியரும் ஊரில் இருக்க மாட்டார். ஏப்ரலிலேயே தொடங்குங்கள்.