வெள்ளிக்கிழமை உபவாசமும் காலை மாத்திரையும்

அன்றைக்கு என் மாமியாரைக் கூட்டிவரத்தான் ஆலயத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி இருக்கும். பக்கத்துக் கூடத்தில் உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பாய் விரித்து இருபது பெண்கள், சுவரோரம் நாற்காலி போட்டு நான்கைந்து வயதானவர்கள். ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து எனும் தவக்காலம், மார்ச் மாதம். ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் அந்த நேரத்தில் காற்று நின்றுவிட்டால் கடலை ஒட்டி இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அப்படி ஒரு புழுக்கம்.

மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி கண்ணை மூடியபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை, விரல்களில் லேசான நடுக்கம். பாட்டி உருகி ஜெபிக்கிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். டாக்டரான நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எல்லாரும் ஆமென் சொன்ன இடத்தில் அவர் சொல்லவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் எழுந்து போய்த் தோளைத் தொட்டு, "பாட்டி" என்றேன். "கூடையை இறக்குத்தா, மீனு கெட்டுப்போவும்" என்றார். அவர் மீன் விற்பதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது.

கைப்பையில் குளுக்கோமீட்டர் இருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் 46. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே வந்தாலே தாழ்சர்க்கரை என்போம். 54-க்கும் கீழே போனால் மூளைக்குப் போதிய சர்க்கரை கிடைக்காமல் பேச்சு குழறும், ஆள் தடுமாறும், அப்படியே விட்டால் வலிப்பு, மயக்கம் வரை போகும்.

சர்க்கரை கேட்டேன். உபவாசக் கூடத்தில் சர்க்கரைக்கு எங்கே போவது? டீக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஓடிப்போய், ஞாயிற்றுக்கிழமைத் திருவிருந்துக்கு, அதாவது ஆராதனையில் அப்பமும் சாறும் பகிரும் சடங்குக்கு, அலமாரியில் வைத்திருந்த திராட்சைச் சாற்றை எடுத்து வந்தார். "அது திருவிருந்துக்கு வெச்சதுண்ணே" என்று பின்னால் ஒரு குரல். போதகர் ஐயா அதற்குள் மூடியைத் திருகிவிட்டார். "தாவீது சமுகத்து அப்பத்தையே சாப்பிட்டான், ஊத்துங்க" என்றார். ஆசாரியர்கள் மட்டுமே சாப்பிடும் படையல் அப்பத்தைப் பசித்து வந்த தாவீது சாப்பிட்ட வேதாகமக் கதை அது. அவருடைய பிரசங்கங்கள் கொஞ்சம் நீளம். இது எனக்குப் பிடித்த அவரது மிகச் சிறிய பிரசங்கம்.

பாட்டியால் விழுங்க முடிந்தது, அதனால்தான் வாயில் கொடுத்தேன். அரை டம்ளர் குடித்து 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் 63. இன்னும் அரை டம்ளர். அடுத்த 15 நிமிடத்தில் 88. கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்து, "ஏன் எல்லாரும் என்னயவே பாக்குறீங்க?" என்றார்.

எங்களுடையது மெதடிஸ்ட் சபை. மெதடிஸ்ட் திருவிருந்தில் புளிக்காத சாறுதான் வழக்கம். 1869-இல் அமெரிக்காவில் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் வைக்க ஒரு வழி கண்டுபிடித்ததே திருவிருந்துக்காகத்தான். எங்கள் சபையில் உலர்திராட்சையை ஊறவைத்துச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வடிகட்டுவார்கள். ரொம்பத் தித்திப்பு, இவ்வளவு வேண்டாம் என்று முன்பு ஒருமுறை குறை சொன்னது நானேதான்.

88 வந்துவிட்டதே என்று பாட்டியை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு. கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது, பல மணி நேரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கொடுத்த சர்க்கரை கரைந்ததும் மறுபடி இறங்கலாம். அதனால் அரசு மருத்துவமனையில் ஓர் இரவு வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினோம்.

மறுநாள் கேட்டேன்: "பாட்டி, சாப்பிடாம எதுக்கு மாத்திரை போட்டீங்க?"

"நீங்கதான டாக்டரம்மா சொன்னீங்க, என்ன ஆனாலும் ஒரு நாள்கூட மாத்திரைய விடக்கூடாதுன்னு."

சொன்னேன்தான். ஐந்து வருடமாக ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். ஆலயத்தில் சாப்பிடாமல் வரச் சொன்னார்கள், சாப்பிடவில்லை. டாக்டர் மாத்திரையை விடக்கூடாது என்றார், விடவில்லை. பாட்டி இரண்டு பேர் சொல்லையும் தட்டவில்லை. அவருக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பதை நான்தான் ஒருநாளும் கேட்டதில்லை. அதே ஆலயத்தில் மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்துகொண்டும் கேட்டதில்லை.

இதை எழுதும் காரணம் அதுதான். சீட்டில் நாங்கள் 'காலை, இரவு' என்று எழுதுகிறோம். ஆனால் மனிதர்கள் வாழ்வது வாரக் கணக்கில்.

எங்கள் சபை வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆராதனை, அதற்கு முன் ஓய்வுநாள் பள்ளி. புதன் சாயங்காலம் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில் ஜெபம். வேதபாடம் அரை மணி, ஜெபக்குறிப்புகள் அரை மணி, கடைசியில் கேசரி, மிக்சர், காபி. எங்கள் வீட்டில் கேசரி கொஞ்சம்தான் போட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் ஊருக்கே கவலை. வெள்ளி உபவாசம். சனி ராத்திரி பாடகர் குழுப் பயிற்சி. ராமேஸ்வரம் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவது திங்கள், புதன், சனி. சனிக்கிழமை போன ஆட்கள் ஞாயிறு காலையில் கரையேறி, குளித்த தலையோடும் தூங்காத கண்ணோடும் பாதி ஆராதனையில் வந்து உட்காருவார்கள். மாத்திரை டப்பா வீட்டிலேயே இருந்திருக்கும். விட்டுப்போனதற்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொண்டு வந்தவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆக, என் நோயாளிகளின் சர்க்கரை புதன் ராத்திரி ஏறி, வெள்ளி மதியம் இறங்கி, ஞாயிறு காலை குழம்பிப்போய் நிற்கிறது. மாதத்துக்கு ஒருமுறை சோதனைச் சாலையில் எடுக்கும் ஒரு எண்ணில் இதெல்லாம் எப்படித் தெரியும்?

கீழக்கரை, பெரியபட்டினத்திலிருந்து வரும் என் நோயாளிகள் இந்த விஷயத்தில் எங்களைவிடக் கெட்டி. ரமலானுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே வந்துவிடுவார்கள். "நோன்பு வருது டாக்டர், மாத்திரைய மாத்திக் கொடுங்க" என்பார்கள். காலை வேளை மாத்திரையை நோன்பு திறந்த பிறகு என்று மாற்றுவோம், சிலருக்கு அளவைக் குறைப்போம், சிலரிடம் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்வோம். முப்பது நாள் நோன்பு என்பதால் எல்லாருக்கும் அது பெரிதாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை அரை நாள்தானே என்று எங்கள் ஆட்கள் யாரிடமும் சொல்வதில்லை. அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வருகிறவர்களும் இதே ரகம்தான். கிளிமிபிரைடுக்கு அரை நாள் போதும்.

சரி, யாருக்கு என்ன ஆபத்து? மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூடச் சாப்பாட்டைத் தள்ளக் கூடாது. ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து கலந்து வருகிறது, பெயரைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அட்டையை எடுத்துக்கொண்டு வந்து கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை வேறு மாதிரி. அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் இருந்தால் உடம்பில் அமிலம் சேர்ந்து வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று வரலாம். மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது, அதனால் ஏமாந்துபோவோம். கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் ஒருமுறை சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் உபவாசம் இருக்க வேண்டாம் என்று நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பிபி மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம், அதை விட வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரே குடிக்காத உபவாசம் இந்தக் கடற்கரை வெயிலுக்கு ஆகாது. அதுவும் சிறுநீர் பிரியவைக்கும் பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆகவே ஆகாது. முக்கால் மணி நேரம் முழங்காலில் இருந்துவிட்டு, "எழுந்து நின்று ஜெபிப்போம்" என்றதும் சட்டென்று எழுவார்கள் பாருங்கள், அந்த நொடியில்தான் பிபி சரிந்து கீழே விழுகிறார்கள். நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்தால் ஜெபம் ஒன்றும் குறைந்துவிடாது.

யாராவது வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால், அல்லது காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தால், முதலில் சர்க்கரை இறங்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணெய் தடவி ஜெபிக்கிறவர்கள் ஆம்புலன்ஸ் வரும்வரை தாராளமாக ஜெபிக்கட்டும்.

இதையெல்லாம் சொன்னபோது ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "அப்ப எங்கள உபவாசமே இருக்கக் கூடாதுங்கிறீங்களா டாக்டர்?" கோபமாகத்தான் கேட்டார். நியாயமான கோபம். பிள்ளைக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம், இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகு என்று எத்தனையோ பாரத்தை இறக்கிவைக்க அவருக்கு இருப்பது அந்த வெள்ளிக்கிழமைதான். அதை நான் பிடுங்கப் போவதில்லை.

அவருக்கு ஜான் வெஸ்லியைக் காட்டினேன். மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்டவர். இளவயதில் புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணிவரை உபவாசம் இருந்தவர். 1743-இல் தன் சங்கங்களுக்கு வகுத்த பொதுவிதிகளில் உபவாசத்தையும் சேர்த்தவர். ஆனால் அந்த விதிகள் மூன்று பிரிவு. முதல் பிரிவு, தீங்கு செய்யாதே. இரண்டாவது, நன்மை செய். உபவாசம் வருவது மூன்றாவதில்தான். உபவாசத்தைப் பற்றிய பிரசங்கத்திலும், உடம்பு கடவுள் தந்த கொடை, அதை அளவுக்கு மீறி வருத்தி அன்றாட வேலைக்கு ஆகாமல் செய்துவிடாதீர்கள் என்றே எச்சரிக்கிறார். 1746-இல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் திறந்தவர், அடுத்த வருடம் வீட்டு வைத்தியப் புத்தகமே எழுதியவர். அதில் சில வைத்தியங்களை இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வரும், அது வேறு கதை. அக்கா முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரம் மாத்திரை அட்டையோடு வந்தார்.

போதகர் ஐயாவோ வேதாகமத் தீர்க்கதரிசி எலியாவை எடுத்துக்கொண்டார். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்துக் கிடந்தவனுக்குத் தேவதூதன் முதலில் போதனை செய்யவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து எழுப்பினான் என்று அந்த ஞாயிறு பேசினார். நாற்பது நிமிடம் பேசினார்.

வழி சொன்னது என் மாமியார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், 1990-இல் படகில் வந்து மண்டபம் முகாமில் இருந்தவர். இன்னும் 'மெதடிஸ்ட்' என்று சொல்லமாட்டார், 'மெதடிஸ்த' என்பார். 1814-இல் இலங்கையில் வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனரிகளில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்தில் வேலை செய்துவிட்டு 1817-இல் சென்னைக்குப் போனார். "சபையே எங்கட பக்கத்தில இருந்துதான் உங்கட பக்கம் வந்தது, பிள்ளை" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை.

"அங்க வகுப்புத் தலைவர் கிழமைக்கு ஒருக்கா வீட்ட வந்து விசாரிப்பார். ஆர் சாப்பிட்டது, ஆர் படுக்கையில எண்டு அவருக்குத் தெரியும். நீங்கள் ஏன் அதைச் செய்யேல்ல?" என்றார்.

அதுவும் பழைய மெதடிஸ்ட் ஏற்பாடுதான். 1742-இல் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு தலைவர் என்று வைத்து, வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாக அனுப்பினார்கள். காசு வாங்கப் போனவர் கண்ணில் வீட்டின் நிலைமையும் பட்டது. கடன் வசூல் அப்படியே மேய்ப்பு வேலையாகிவிட்டது. 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது மாத்திரையே வீட்டு வாசலுக்கு வருகிறது, நல்ல விஷயம். வெள்ளிக்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கத் தெரு ஆள் ஒருவர் வேண்டும்.

இப்போது பெண்கள் சங்கச் செயலாளரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வருகைப் பதிவுக்கு வைத்த அதே நோட்டுதான். தங்களுக்குச் சர்க்கரையோ பிபியோ இருக்கிறது என்று தாங்களாகவே சொன்னவர்கள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி, நோய் விவரம் எதுவும் கிடையாது. ஜெபம் தொடங்கும் முன் புள்ளி உள்ளவர்களிடம் தனியாகப் போய், "சாப்பிட்டீங்களா, மாத்திரை என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார். கூடத்து ஜன்னலில் ஒரு டப்பா சர்க்கரை, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன். அதில் இரண்டு முறை எறும்பு வந்தாயிற்று. பாட்டி இப்போது இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து, மற்றவர்களைவிடச் சத்தமாக ஜெபிக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி. நான் பிபி மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது, சபையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சர்க்கரை டப்பாவில் எறும்பு தட்டிக்கொண்டிருந்தார்.